சிசுப்பருவக் கழிப்பறைப் பயிற்சியின் வரலாறு

கழிப்பறைப் பயிற்சி என்பது குழந்தை சிறுநீரையும் மலத்தையும் உரிய இடத்தில், உரிய நேரத்தில் கழிக்கப் பழகுவதைக் குறிக்கும். பிறந்த சில வாரங்களிலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கப்படும் பழக்கம் சிசுப்பருவக் கழிப்பறைப் பயிற்சி எனப்படுகிறது. உலகின் பல சமூகங்களில் இது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மேலை நாட்டு மருத்துவத்தில் இதைப் பற்றிய கருத்து கடந்த 130 ஆண்டுகளில் பலமுறை தலைகீழாக மாறியுள்ளது. 1930களில் அமெரிக்க அரசின் கையேடு பிறந்த முதல் மாத முடிவிலேயே மலப்பயிற்சியைத் தொடங்கலாம் என்றது. அதே நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல குழந்தைகள் ஏறத்தாழ மூன்று வயதில்தான் டயப்பரைக் கைவிட்டனர்.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் அறிவியலின் பெயராலேயே முன்வைக்கப்பட்டன. எந்த வயதில் தொடங்குவது என்பதே பெரும்பாலும் விவாதப் பொருளாக இருந்தது. எப்படிப் பழக்குவது, குழந்தை மலத்தை அடக்கிவைக்கிறதா என்ற கேள்விகள் உரிய கவனத்தைப் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஈரமான படுக்கைக்காகவும் கறைபட்ட உடைக்காகவும் குழந்தைகள் பலர் தண்டிக்கப்பட்டனர்.

உடலியல் அடிப்படை

சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. அது நிரம்பும்போது தளர்ந்தும், கழிக்கும்போது சுருங்கியும் இயங்குகிறது. அதன் வாயிலில் உள்ள சுருக்குத் தசைகள் கழிக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் மூடியிருக்கின்றன. மலக்குடலுக்கும் இதைப் போன்ற சுருக்குத் தசைகள் உண்டு. இவற்றில் ஒரு பகுதி மனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதை இறுக்கவும் தளர்த்தவும் குழந்தை கற்றுக்கொள்வதே பயிற்சியின் உடலியல் பக்கம் ஆகும்.

பச்சிளங்குழந்தை ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கும். வளர வளர சிறுநீர்ப்பையின் கொள்ளளவு கூடுகிறது. குழந்தையின் வயதுடன் ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அதன் கொள்ளளவு தோராயமாக மில்லிலிட்டரில் கிடைக்கும். அதன்படி நான்கு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 150 மி.லி. கொள்ளளவு இருக்கும். பால் குடித்தவுடன் பெருங்குடல் அசைவது இயல்பான அனிச்சைச் செயல். அதனால்தான் பல குழந்தைகள் பால் குடித்த சிறிது நேரத்தில் மலம் கழிக்கின்றன. தாய்மார்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

குழந்தையின் சிறுநீர் கழிப்பு மூளையின் பங்கில்லாமல் தண்டுவடத்தின் அனிச்சையாலேயே நடக்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1990களில் நடந்த ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. உறங்கும் பச்சிளங்குழந்தைகள் பலவும் சிறுநீர் கழிக்குமுன் அசைவதோ விழிப்பதோ உண்டு என அவை காட்டின. எனவே மிகச் சிறு வயதிலேயே மூளைக்கு இதில் ஓரளவு தொடர்பு இருக்கிறது. ஆயினும் இந்தத் தொடர்பு முழுமையான கட்டுப்பாடு ஆகாது.

மரபு வழக்கங்கள்

டயப்பர் பரவாத சமூகங்களில் குழந்தையின் கழிப்பு நேரத்தைக் கவனிப்பது தாயின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டில் தாயோ பாட்டியோ கால்களை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கும் இடையே குழந்தையை உட்கார வைப்பர். பால் குடித்த பின்னும் தூங்கி எழுந்த பின்னும் இப்படி வைப்பது வழக்கம். "ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பினால் குழந்தை சிறுநீர் கழிக்கும். பழைய வேட்டியிலோ சேலையிலோ கிழித்த துணியே குழந்தைக்கு விரிப்பாகவும் அரைத்துணியாகவும் பயன்பட்டது. அந்தத் துணி நனைந்தவுடன் மாற்றப்பட்டது. சீனாவில் குழந்தைகளுக்கு அடிப்பகுதி திறந்த காற்சட்டை அணிவித்தனர். குந்தி அமர்ந்தாலே துணி விலகிவிடும் என்பதால் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

இந்த வழக்கங்களுக்குப் பொதுவான சில கூறுகள் உண்டு. குழந்தை பெரும்பாலான நேரம் யாருடைய கையிலோ மடியிலோ இருந்தது. அதன் முகக்குறியையும் முனகலையும் கண்டு நேரம் அறியப்பட்டது. தவறினால் துணியைத் துவைத்தார்கள். கைக்குழந்தையைக் குற்றவாளியாகக் கருதவில்லை. நேரத்தை அறியும் பொறுப்பு முதலில் வளர்ப்பவரிடம் இருந்து, பிறகு படிப்படியாகக் குழந்தையிடம் சென்றது.

கடிகார முறை: 1890 முதல் 1940 வரை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தை வளர்ப்பு மேலை நாடுகளில் மருத்துவத்தின் ஒரு துறையாக வடிவம் பெற்றது. நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் 1894இல் தாய்மார்களுக்கும் செவிலித்தாய்களுக்கும் வினா-விடை வடிவில் ஒரு கையேடு வெளியிட்டார். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது என அனைத்துக்கும் அது நேரம் வகுத்தது. மூன்று மாத அளவிலேயே குழந்தையைச் சிறு மலச்சட்டியில் ஒழுங்காக அமர்த்தி மலம் கழிக்கப் பழக்கலாம் என்பது அவரது கருத்து. இந்நூல் பல பதிப்புகள் கண்டது.

அமெரிக்க அரசு 1912இல் குழந்தைகள் நலச் செயலகத்தை நிறுவியது. இச்செயலகம் 1914இல் 'குழந்தைப் பராமரிப்பு' என்னும் சிறுநூலை வெளியிட்டது. அதை எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட். மூன்றாம் மாதத்திலோ அதற்கு முன்போ மலப்பயிற்சியைத் தொடங்கலாம் என்று இந்நூல் கூறியது. 1930களின் தொடக்கத்தில் வந்த பதிப்பு இன்னும் கண்டிப்பானது. முதல் மாத முடிவிலேயே தொடங்கி, நாள்தோறும் ஒரே மணிக்குத் தவறாமல் குழந்தையை அமர்த்த வேண்டும் என்றது. சோப்புக் குச்சியை ஆசனவாயில் செருகி மலம் கழிக்கத் தூண்டும் முறையும் அக்காலத்தில் பரிந்துரைக்கப்பட்டது.

நியூசிலாந்தில் மருத்துவர் ட்ரூபி கிங் தோற்றுவித்த பிளங்கெட் சங்கம் 1907 முதல் இதே போன்ற ஒழுங்கைப் பரப்பியது. பிரித்தானியப் பேரரசின் பல பகுதிகளிலும் அவரது முறை செல்வாக்குப் பெற்றது. உளவியலில் நடத்தையியலைத் தோற்றுவித்த ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலும் இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தது. குழந்தையின் பழக்கங்கள் முழுவதும் பயிற்சியின் விளைவு என்பது அவரது நிலைப்பாடு.

இந்தக் கண்டிப்புக்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. துவைக்கும் இயந்திரம் பரவலாகாத காலத்தில் டயப்பர் துணிகளைக் கொதிக்க வைத்துத் துவைப்பது பெரும் உழைப்பு. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பது அப்போது மிகுதியாக இருந்ததால் மலத்தின் தூய்மை உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மேலும், குடலில் தங்கும் மலம் நஞ்சாகி உடல் முழுதும் பரவுகிறது என்ற கோட்பாடு அன்று மருத்துவர்களிடையே செல்வாக்குடன் விளங்கியது. இலண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் இக்கோட்பாட்டை நம்பி நோயாளிகளின் பெருங்குடலையே அகற்றி வந்தார். இத்தகைய சூழலில் தினமும் குறித்த நேரத்தில் மலம் கழிவது நலவாழ்வின் முதல் அடையாளமாகக் கருதப்பட்டது.

வயதைப் பொறுத்தவரை இம்முறைக்கும் மரபு வழக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் முதல் மாதங்களிலேயே தொடங்கின. முறையில்தான் அவை எதிரெதிராக நின்றன. மரபு வழக்கம் குழந்தையின் குறிப்பைப் பார்த்தது; கையேடு கடிகாரத்தைப் பார்த்தது. மரபில் குழந்தை தாயின் காலில் அமர்ந்தது. கையேட்டு முறையில் சட்டியில் அமர்த்தப்பட்டது. மலம் வராத நேரத்திலும் அதை வரவழைக்க முயன்றது கையேட்டு முறையின் தனித்தன்மை ஆகும்.

எதிர்ப்பும் முதிர்ச்சிக் கோட்பாடும்

கடிகார முறைக்கு எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது உளப்பகுப்பாய்வு. சிக்மண்ட் பிராய்டு 1905இலும் 1908இலும் வெளியிட்ட எழுத்துகளில், மலம் கழிப்பதோடு தொடர்புடைய சிறுவயது அனுபவங்கள் பிற்கால ஆளுமையைப் பாதிக்கின்றன என்று வாதிட்டார். பிடிவாதம், கஞ்சத்தனம், மிகை ஒழுங்கு ஆகியவற்றை அவர் இதனுடன் இணைத்தார். இக்கருத்துக்குப் பிற்கால ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் கடுமையான பயிற்சி குழந்தையைத் துன்புறுத்தக்கூடும் என்ற எச்சரிக்கை இதன் வழியே பெற்றோரிடம் பரவியது. 1942இல் மேபல் ஹஷ்கா கட்டாய மலப்பயிற்சிக்குக் குழந்தைகள் காட்டும் எதிர்வினைகளைப் பற்றி எழுதினார். மலச்சிக்கலும் மலத்தை அடக்குவதும் அவ்வெதிர்வினைகளுள் அடங்கும்.

இரண்டாவது எதிர்ப்பு வளர்ச்சி ஆய்விலிருந்து வந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு கெசல், நரம்பு மண்டலம் முதிர்ந்தால் திறன் தானே வெளிப்படும் என்றார். அவரது குழு 1929இல் இரட்டைக் குழந்தைகளில் ஒருவருக்கு மட்டும் படியேறும் பயிற்சியை முன்கூட்டி அளித்தது. சில வாரங்கள் பின்தங்கித் தொடங்கிய மற்றவர், குறுகிய காலப் பயிற்சியிலேயே ஏறக்குறைய சமநிலையை எட்டினார்.

மர்டில் மெக்ரா இதே முறையைச் சிறுநீர்க் கட்டுப்பாட்டில் கையாண்டு 1940இல் முடிவுகளை வெளியிட்டார். ஒத்த இரட்டையரில் ஒரு குழந்தை பிறந்த சில வாரங்களிலிருந்தே பகலில் மணிக்கொரு முறை கழிக்க வைக்கப்பட்டது. மற்றக் குழந்தைக்குப் பயிற்சி மிகவும் தாமதமாகவே தொடங்கியது. தாமதமாகத் தொடங்கிய குழந்தை விரைவிலேயே முதலாவதுக்கு இணையானது. முன்கூட்டித் தொடங்கியதால் நிலையான பயன் இல்லை என்பதே இதிலிருந்து பெறப்பட்ட முடிவு. ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் மிகச் சிலரே. எனினும் அடுத்த தலைமுறை மருத்துவர்களிடம் இந்த ஆய்வு பெரிதும் செல்வாக்குப் பெற்றது.

அரசின் கையேடும் மாறியது. 1940களின் பதிப்புகளில் தொடங்கும் வயது உயர்ந்தது. 1951ஆம் ஆண்டுப் பதிப்பு அவசரப்பட வேண்டாம் என்று கூறியது. ஒரே நூல், ஒரே அரசு முத்திரையுடன் நாற்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ எதிர்மாறான அறிவுரையை வழங்கியதை மார்த்தா வோல்ஃபென்ஸ்டைன் 1953இல் பதிப்புகளை ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார். 1946இல் வெளியான பெஞ்சமின் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலும் கட்டாயத்தைத் தவிர்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டது.

பிரேசல்டனின் அணுகுமுறை

பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் டி. பெரி பிரேசல்டன் 1962இல் 'குழந்தையை மையமாகக் கொண்ட' பயிற்சி முறையை வெளியிட்டார். அவரிடம் சிகிச்சைக்கு வந்த 1,170 குழந்தைகளின் பத்தாண்டுப் பதிவுகள் அதற்கு அடிப்படை. ஏறத்தாழ 18 மாதத்துக்கு முன் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. நடப்பது, உட்காருவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, பெரியவர்களைப் போலச் செய்ய விரும்புவது போன்ற ஆயத்த அறிகுறிகள் தெரிய வேண்டும் என்றார். முதலில் உடையுடனேயே குழந்தையைத் தனக்கெனத் தந்த சிறு இருக்கையில் உட்கார வைக்க வேண்டும். குழந்தை மறுத்தால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இக்குழந்தைகள் பகல் நேரக் கட்டுப்பாட்டைச் சராசரியாக 28.5 மாதத்திலும், இரவு நேரக் கட்டுப்பாட்டை 33.3 மாதத்திலும் அடைந்தனர். ஐந்து வயதுக்குப் பிறகும் சிக்கல் நீடித்தவர்கள் 1.4 விழுக்காட்டினர் மட்டுமே. வேறு முறையில் பழக்கப்பட்ட குழந்தைகளுடன் ஒப்பிடாத ஆய்வு இது. ஆயினும் வற்புறுத்தல் இன்றியும் குழந்தைகள் பழகிக்கொள்வர் என்பதை அது பெற்றோருக்கு உணர்த்தியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பின்னாளில் இதே வழியில் அறிவுரை வழங்கியது.

தூக்கியெறியும் டயப்பரின் வருகை

இதே காலத்தில் வணிகமும் துணைக்கு வந்தது. மேரியன் டோனவன் என்ற அமெரிக்கப் பெண் 1940களின் இறுதியில் நீர்புகாத டயப்பர் உறையை உருவாக்கி 1951இல் காப்புரிமை பெற்றார். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ் தலைமையில் உருவான 'பேம்பர்ஸ்' 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் சோதனை விற்பனைக்கு வந்தது. விலை அதிகம் என்பதால் முதலில் அது எடுபடவில்லை. விலை குறைக்கப்பட்ட பிறகு நாடெங்கும் பரவியது. 1980களில் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் வேதிப்பொருள் டயப்பரில் சேர்க்கப்பட்டது. அதன் பின் டயப்பர் மெல்லியதாகவும், நனைந்தாலும் குழந்தைக்கு ஈரம் தெரியாததாகவும் ஆனது.

ஈரத் துணி தரும் அசௌகரியமே குழந்தைக்கும் தாய்க்கும் பழைய நினைவூட்டலாக இருந்தது. துவைக்கும் சுமையும் ஈரமும் மறைந்தபோது அவசரமும் மறைந்தது. 1998இல் பேம்பர்ஸ் இன்னும் பெரிய குழந்தைகளுக்கான ஆறாம் அளவு டயப்பரை வெளியிட்டது. அதன் விளம்பரத்தில் பிரேசல்டன் தோன்றினார். அவரது அறிவியல் கருத்தும் நிறுவனத்தின் ஆதாயமும் ஒரே திசையில் செல்வதாக அப்போது விமர்சனம் எழுந்தது. தம் கருத்து டயப்பர் நிறுவனத்துடனான தொடர்புக்கு நெடுங்காலம் முற்பட்டது என்பது அவர் தரப்பு நியாயம். 2002இல் வெளியான மில்வாக்கி ஆய்வில் பகலில் நனையாமல் இருக்கும் இடைநிலை வயது பெண் குழந்தைகளுக்கு 32.5 மாதமாகவும் ஆண் குழந்தைகளுக்கு 35 மாதமாகவும் இருந்தது.

டிகோ மக்களும் சூரிச் ஆய்வும்

ஆயத்தம் என்பது உலகெங்கும் ஒரே வயதில் வருவதா என்ற கேள்வியை 1977இல் மார்ட்டன் டி விரீஸ், ரேச்சல் டி விரீஸ் ஆகியோர் எழுப்பினர். கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் டிகோ மக்கள் குழந்தை பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்குவதை அவர்கள் பதிவு செய்தனர். தாய் தரையில் கால் நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்களுக்கு இடையே வைத்து ஓர் ஒலியை எழுப்புவார். குழந்தை கழித்தால் கொஞ்சலும் பாலும் கிடைக்கும். தண்டனை இல்லை. ஐந்து ஆறு மாதத்தில் இக்குழந்தைகள் இரவும் பகலும் பெரும்பாலும் நனையாமல் இருந்தனர். இங்கு 'நனையாமை' என்பது தாயும் குழந்தையும் சேர்ந்து அடைந்த நிலை. குழந்தை தனியே கழிப்பறைக்குச் செல்வதை அது குறிக்கவில்லை. தமிழ்ச் சிற்றூர்களின் வழக்கத்தை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ரெமோ லார்கோவும் அவரது குழுவினரும் வேறொரு விடையைக் கண்டனர். அங்கு 1950களில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் ஆண்டிலேயே பயிற்சி தொடங்கியது. அடுத்த தலைமுறையில் அது வெகுவாகத் தள்ளிப்போனது. இரு தலைமுறைகளையும் ஒப்பிட்டு 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கமும் தீவிரமும் பெரிதும் மாறியபோதும் சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு முழுமை பெறும் வயது முன்னேறவில்லை.

இந்த இரு ஆய்வுகளும் முரண்பட்டவை போலத் தோன்றினாலும் அவை வெவ்வேறு பொருள்களை அளந்தன. டிகோ ஆய்வு உதவியுடன் கழிப்பதை அளந்தது. சூரிச் ஆய்வு குழந்தையின் தன்னிச்சையான கட்டுப்பாட்டை அளந்தது. முதலாவதை மிக இளம் வயதிலேயே பழக்க முடியும். இரண்டாவது பெருமளவு வளர்ச்சியைச் சார்ந்தது.

மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையும்

படுக்கையில் சிறுநீர் கழிப்பது நெடுங்காலம் சோம்பல் அல்லது திமிர் எனக் கருதப்பட்டது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், எட்டு வயதில் உறைவிடப் பள்ளியில் படுக்கையை நனைத்ததற்காகத் தாம் அடிக்கப்பட்டதைப் பற்றி எழுதியுள்ளார். அது விருப்பத்துடன் செய்யும் செயல் அல்ல; அடித்தால் நிற்பதும் அல்ல. இவ்வுண்மையை மருத்துவம் உறுதியாகக் கூறத் தொடங்கியபோது பல தலைமுறைக் குழந்தைகள் அடி வாங்கி முடித்திருந்தனர்.

1973இல் ஃபிராங்க் ஹின்மன், நரம்புக் கோளாறு எதுவும் இல்லாத சில குழந்தைகளிடம் நரம்பு பாதிக்கப்பட்டதைப் போன்ற சிறுநீர்ப்பைக் கோளாறு இருப்பதை விவரித்தார். சிறுநீர் கழிக்கும் வேளையிலும் இக்குழந்தைகள் சுருக்குத் தசையைத் தளர்த்தாமல் இறுக்கினர். இதனால் சிறுநீர்ப்பை தடித்து, சிலரிடம் சிறுநீரகமும் பாதிப்புற்றது. அடக்கும் பழக்கம் உறுப்பையே மாற்றக்கூடும் என்பதற்கு இது கடுமையான சான்று ஆகும்.

1980களின் நடுவில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஷான் ஓ'ரீகனும் சக மருத்துவர்களும், படுக்கையை நனைக்கும் குழந்தைகள் பலரின் மலக்குடல் மலத்தால் விரிவடைந்திருப்பதைக் கண்டனர். மலக்குடலை ஒழுங்காகக் காலியாக்கும் சிகிச்சை அளித்ததும் பலருக்கு நனைத்தலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் நின்றன. அமெரிக்காவில் வெரா லோனிங்-பாக்கே 1997இல் மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளை ஆராய்ந்தார். அவர்களில் 29 விழுக்காட்டினர் பகலிலும் 34 விழுக்காட்டினர் இரவிலும் நனைத்தனர். மலச்சிக்கல் நீங்கியவர்களில், பகலில் நனைத்தோரில் 89 விழுக்காட்டினருக்கும் இரவில் நனைத்தோரில் 63 விழுக்காட்டினருக்கும் அத்தொல்லை தீர்ந்தது.

இதன் காரணம் எளியது. இடுப்புக்குழியில் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் அடுத்தடுத்து உள்ளன. வலிக்குப் பயந்தோ, விளையாட்டை விட மனமின்றியோ குழந்தை மலத்தை அடக்குகிறது. தங்கிய மலம் நீரிழந்து கெட்டியாகிறது. அடுத்த முறை கழிக்கும்போது வலி கூடுவதால் குழந்தை மேலும் அடக்குகிறது. விரிந்த மலக்குடல் உணர்விழக்கிறது. கெட்டி மலத்தின் ஓரமாக இளகிய மலம் கசிந்து உடையைக் கறைப்படுத்துகிறது. இதை வயிற்றுப்போக்கு எனப் பெற்றோர் தவறாக எண்ணுவதும் உண்டு. மறுபுறம், விரிந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி அதன் கொள்ளளவைக் குறைக்கிறது. நாள்தோறும் மலம் கழிக்கும் குழந்தையிடமும் முழுமையாகக் காலியாகாத மலக்குடல் இருக்கலாம்.

1998இல் ஸ்டீபன் காஃப் முதலானோர் இந்தத் தொல்லைகளை ஒரே கோளாறாகத் தொகுத்துப் பெயரிட்டனர். இன்று இது சிறுநீர்ப்பை-குடல் செயற்கோளாறு எனப்படுகிறது. படுக்கை நனைத்தல் அனைத்துக்கும் மலச்சிக்கல் காரணம் அல்ல. மரபுவழிப் பண்பு, ஆழ்ந்த உறக்கம், இரவில் சிறுநீர் அதிகம் சுரப்பது ஆகியவையும் காரணங்களாகும். ஆனால் சிகிச்சையில் முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்வது இப்போது பொது விதியாகிவிட்டது.

வயது குறித்த விவாதம்

குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள தொடர்பு தெளிவான பிறகும் எந்த வயது பாதுகாப்பானது என்ற விவாதம் தொடர்ந்தது. 2000இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பாக்கரும் வின்டேலும் மூன்று வயதுப் பிரிவுகளைச் சேர்ந்த 321 பேரிடம் கேட்டறிந்து, 60 ஆண்டுகளில் பயிற்சி தாமதமானதைப் பதிவு செய்தனர். இத்தாமதமே சிறுநீர்த் தொல்லைகள் கூடியதற்குக் காரணமாக இருக்கலாம் என ஐயுற்றனர். 2009இல் ஜோசப் பரோன் குழுவினர், 32 மாதத்துக்குப் பின் பயிற்சி பெற்றவர்களிடம் அவசரச் சிறுநீர்க் கசிவு அதிகம் என்றனர்.

இதற்கு மாறாக, அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஸ்டீவ் ஹாட்ஜஸ் குழுவினர் 2014இல் 112 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக்கு முன் பயிற்சி பெற்றோரிடம் பகல் நனைத்தல் அதிகம் எனக் கண்டனர். மூன்று வயதுக்குப் பின் பயிற்சி பெற்றோரிடமும் அது அதிகமாகவே இருந்தது. அவர்களிடம் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தது. கழிக்கும் முடிவு தன் கைக்கு மிக விரைவில் வந்துவிடும் குழந்தை, அடக்குவதையும் விரைவில் கற்றுக்கொள்கிறது என்பது ஹாட்ஜசின் விளக்கம்.

தாமதத்திலும் இதே ஆபத்து உண்டு. 1997இல் புரூஸ் டாப்மன் 482 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் 22 விழுக்காட்டினர் சிறுநீரைக் கழிப்பறையில் கழித்தும், மலம் கழிக்க மட்டும் குறைந்தது ஒரு மாதம் மறுத்தனர். 2003இல் அவரும் நேதன் பிளம் முதலானோரும் வெளியிட்ட ஆய்வில், 27 மாதத்துக்கு முன் தீவிரப் பயிற்சி தொடங்குவதால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை எனத் தெரிந்தது. அதே வேளையில், முன்கூட்டித் தொடங்குவது மலச்சிக்கலை உண்டாக்கியதற்கான சான்றும் அதில் கிடைக்கவில்லை.

வியட்நாமில் சுவீடன் ஆய்வாளர்களுடன் இணைந்து நடந்த ஆய்வுகள் விவாதத்துக்குப் புதிய பக்கத்தைச் சேர்த்தன. அங்குத் தாய்மார்கள் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே விசில் போன்ற ஒலியுடன் குழந்தையைக் கழிக்க வைக்கின்றனர். அக்குழந்தைகள் ஒன்பது மாத அளவிலேயே சிறுநீர்ப்பையை முழுமையாகக் காலியாக்கினர். சுவீடன் குழந்தைகள் அந்நிலையை மூன்று வயதளவில் எட்டினர். மீதமின்றிச் சிறுநீர் கழிவது தொற்றைத் தவிர்க்க உதவும்.

இவ்வாய்வுகள் பலவும் நோயாளிகளையோ பெற்றோரின் நினைவையோ அடிப்படையாகக் கொண்டவை. எது காரணம், எது விளைவு எனப் பிரிப்பது கடினம். ஏற்கெனவே மலச்சிக்கல் உள்ள குழந்தை பயிற்சியில் பிந்துவது இயல்பு. எனவே தாமதம் நோயின் காரணமாக அன்றி அதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மேலை நாடுகளில் மீட்டெடுப்பு

1990களிலிருந்து மேலை நாடுகளில் சில பெற்றோர் சிசுப்பருவப் பயிற்சியை மீண்டும் கைக்கொண்டனர். அமெரிக்க எழுத்தாளர் லாரி பவுக், இந்தியாவிலிருந்து வந்த தோழி ஒருவரிடம் இம்முறையைக் கற்று 1991இலும் 2000இலும் நூல்கள் வெளியிட்டார். 2001இல் இங்கிரிட் பாயர் எழுதிய நூல் 'கழிப்புத் தொடர்பாடல்' என்ற சொல்லாட்சியைப் பரப்பியது. குழந்தையின் குறிப்பை அறிந்து, ஒலியால் நினைவூட்டி, மறுத்தால் விட்டுவிடுவதே இம்முறை. சுற்றுச்சூழல் அக்கறையும் இதற்குத் துணைபுரிந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் டயப்பரின் பயன்பாடு பெருகி, பாதங்களில் உட்கார வைக்கும் வழக்கம் குறையத் தொடங்கியது.

இன்றைய நிலை

எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதில் இன்றும் மருத்துவர்களிடையே முழு உடன்பாடு இல்லை. ஆனால் முறையைப் பற்றிப் பெருமளவு உடன்பாடு உண்டு. குழந்தையை வற்புறுத்தவோ அவமானப்படுத்தவோ தண்டிக்கவோ கூடாது. பயிற்சி தொடங்குமுன் மலம் இளகியதாகவும் வலியின்றியும் கழிகிறதா என உறுதிசெய்ய வேண்டும். நார்ச்சத்துள்ள உணவும் போதிய நீரும் தர வேண்டும். உணவுக்குப் பின் சில நிமிடங்கள் அமர வைப்பது குடலின் இயல்பான அசைவுக்குப் பொருந்தும். உயரமான கழிப்பறை இருக்கையில் கால் தொங்கினால் இடுப்புத் தசைகள் இறுகும்; பாதங்களுக்கு அடியில் ஒரு பலகை வேண்டும். குந்தி அமரும் பழைய முறை இவ்வகையில் குழந்தைக்கு ஏற்றது.

பயிற்சி முடிந்த பின்னும் கவனம் தேவைப்படுகிறது. பள்ளியில் கழிப்பறை இல்லாததாலோ, அழுக்காக இருப்பதாலோ, வகுப்பு நேரத்தில் வெளியே விட மறுப்பதாலோ மாணவர்கள் மணிக்கணக்கில் அடக்குகின்றனர். தாகம் எடுத்தாலும் நீர் குடிக்காமல் இருப்போரும் உண்டு. இது மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழிவகுக்கிறது. இந்தியாவில் 2014இல் தொடங்கிய தூய்மைப் பள்ளித் திட்டம் கழிப்பறை கட்டுவதில் கவனம் செலுத்தியது. கட்டிய கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருந்து, கேட்டவுடன் அனுப்பும் ஆசிரியரும் இருந்தால்தான் குழந்தை அடக்காமல் இருக்கும்.

ஐந்து வயதுக்குப் பிறகும் பகலில் நனைத்தல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, வாரத்துக்கு இரண்டு முறைக்கும் குறைவாக மலம் கழித்தல், உடையில் மலக்கறை, கழிப்பறையை அடைக்கும் அளவு பெரிய மலம் ஆகியவை மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகள். ஒருமுறை கட்டுப்பாடு அடைந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கினாலும் காரணத்தை ஆராய வேண்டும். நீரிழிவு, தொற்று, மன அழுத்தம் ஆகியவை அதன் பின்னணியில் இருக்கலாம். இத்தொல்லைகளில் பெரும்பாலானவை குணப்படுத்தக் கூடியவை. ஈரமான படுக்கை ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அன்று. பல வேளைகளில் அது நிரம்பிய குடலின் அறிகுறியே என்பதை மருத்துவம் கண்டறிந்துள்ளது.